வளைவு தேய்க்கும் இயந்திரம்: காசைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

காவடி வளைவு, சாமி மேடைக்குத் திருவாசி, தேங்காய்த் துருவியின் உட்காரும் பலகை, பேரப்பிள்ளைக்குக் குட்டி நாற்காலி. வீட்டில் மரவேலை செய்பவரிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் சாமான்களில் பாதிக்கு மேல் வளைவுள்ளவைதான். வளைவை ஜிக்சாவால் வெட்டிவிடலாம். வெட்டிய இடத்தை வழவழப்பாக்குவதுதான் பெரும்பாடு. மணல்தாளைக் குழாயில் சுற்றி அரை நாள் தேய்த்தவர்களுக்கு மணிக்கட்டு வலி எப்படி இருக்கும் என்று தெரியும்.

அந்த வேலைக்கென்றே மேசை மேல் வைக்கும் சிறிய இயந்திரம் ஒன்று உண்டு. ஆங்கிலப் பெயரில் ஆஸிலேட்டிங் ஸ்பிண்டல் சாண்டர் என்பார்கள். காஜாங், செமினி, பாங்கி வட்டாரத்துத் தாமான் வீடுகளில் கார் நிறுத்தும் இடத்தைப் பட்டறையாக்கி வைத்திருப்பவர்கள் யூடியூபில் இதைப் பார்த்துவிட்டு ஆசைப்படுவது இயல்புதான். 55 வயதில் இபிஎஃப் பணம் கைக்கு வந்ததும் முதலில் வாங்க நினைப்பது இப்படிப்பட்ட சாமானாகத்தான் இருக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உள்ள நாட்டில் இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. வாங்கிய பிறகு மூலையில் கிடந்தால் போட்ட பணம் திரும்பாது.

எப்படி வேலை செய்கிறது?

ஒரு தட்டையான மேசை. அதன் நடுவே செங்குத்தாக ஒரு தண்டு. தண்டில் ரப்பர் உருளை, உருளைக்கு மேல் மணல்தாள் உறை. சுவிட்சைப் போட்டால் உருளை சுற்றும். சுற்றிக்கொண்டே மேலும் கீழும் ஏறி இறங்கும். வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படும் பல இயந்திரங்களில் நிமிடத்துக்கு 2,000 சுற்று, 58 ஏற்ற இறக்கம் என்று கணக்கு. ஏறி இறங்கும் தூரம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. உருளை ஒரே இடத்தில் நின்று சுற்றினால் மணல்தாளின் ஒரே பட்டை மட்டும் தேயும், சூடேறும், மரத்தில் கருகல் கோடு விழும். ஏறி இறங்கும்போது மணல் துகள் ஒரே தடத்தில் போவதில்லை. தாளும் கூடுதல் நாள் உழைக்கும், மரத்திலும் கோடு தெரியாது.

இந்த இயந்திரத்தால் மட்டும் சுலபமாக ஆகும் வேலை உள்வளைவு. வெளிவளைவை, அதாவது வில்லின் முதுகுப் பக்கத்தை, தட்டைக் கட்டையில் மணல்தாள் ஒட்டித் தேய்த்தே சரிசெய்யலாம். குழிந்த பக்கத்துக்குத் தட்டைக் கட்டை உதவாது; உருளைதான் வேண்டும். ஆகவே, ஆண்டுக்கு எத்தனை உள்வளைவு தேய்ப்பீர்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். தைப்பூசத்துக்கு ஒரு காவடி, தீபாவளிக்கு ஒரு சாமி மேடை என்றால் இயந்திரம் தேவையில்லை என்பதே என் கருத்து. டிரில் பிரஸ் ஏற்கெனவே இருந்தால் அதில் மாட்டும் மணல் உருளைகள் மலிவாகவே கிடைக்கும். டிரில் பிரஸ் நேராகக் கீழே துளைப்பதற்குச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஓயாமல் அழுத்தினால் அதன் பேரிங் கெடும், தலைப்பகுதி கழன்று விழவும் கூடும். லேசாக அழுத்தி எப்போதாவது பயன்படுத்த அது போதும். மாதாமாதம் நாலைந்து ஆர்டர் வருகிறது, பத்து நாற்காலிக்கு ஒரே மாதிரிக் கால் வேண்டும் என்கிற நிலை வந்தால் தனி இயந்திரம் வாங்குவதில் அர்த்தம் உண்டு.

காவடியைப் பற்றி இன்னொன்று. பத்துமலையில் 272 படி ஏறும் வரை தோளில் கிடக்கும் மரம் அது. தண்டின் அடிப்பக்கத்தில் ஒரு சிராய் எழும்பி நின்றாலும் தோள் புண்ணாகும். அந்த இடத்தைக் கடைசியில் கையாலேயே தேய்த்து, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்த்து முடிப்பதுதான் நல்லது. மேல் வளைவும் அப்படித்தான். மிக அகலமான வளைவைச் சிறிய உருளையில் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத அலை அலையான மேடு பள்ளம் விழும். வார்னிஷ் அடித்த பிறகே அது காட்டிக் கொடுக்கும். இயந்திரத்தில் முக்கால்வாசி முடித்து, மீதியை வளைத்த கட்டையில் மணல்தாள் சுற்றி எடுக்க வேண்டும்.

முதலில் உறையைத் தேடுங்கள்

இயந்திரத்தின் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் அதற்கான மணல்தாள் உறை இங்கே கிடைக்குமா என்று பாருங்கள். இது எல்லா ஹார்ட்வேர் கடையிலும் தொங்கும் சாமான் அல்ல. சாதாரண மணல்தாளை 'கெர்த்தாஸ் பாசிர்' என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். உருளை உறை என்றால் பெரும்பாலும் இணையக் கடைதான்.

உறையில் இரண்டு அளவு உண்டு: விட்டம், உயரம். விட்டம் பெரும்பாலும் 13, 19, 26, 38, 51, 76 மில்லிமீட்டர் என்று வரும். உயரத்தில்தான் ஏமாறுவோம். சில இயந்திரங்களுக்குச் சுமார் 115 மில்லிமீட்டர், சிலவற்றுக்கு 140. விட்டம் சரியாக இருந்தும் உயரம் குட்டையானால் ரப்பரின் மேல்பகுதி வெறுமனே நிற்கும். பெட்டியோடு வரும் உறைகள் தேய்ந்த பிறகு மாற்று உறை கிடைக்கவில்லை என்றால் அது வெறும் இரும்பு. எனவே 80, 150 என்ற இரு நம்பரிலும் மாற்று உறை விற்கும் கடையைக் கண்டுபிடித்த பிறகே இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுங்கள். நம்பர் கூடக் கூட மணல் நயமாகும் என்பது தெரிந்ததே. ஜிக்சா பல் தடத்தை எடுக்க 80, பிறகு 150. அதற்கு மேல் கையால் தேய்ப்பதே சிறந்தது.

எந்த உருளையை மாட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லா உருளையும் நிமிடத்துக்கு அதே 2,000 சுற்றுதான் சுற்றுகின்றன. ஆனால் 76 மில்லிமீட்டர் உருளையின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 477 மீட்டர் ஓடுகிறது. 13 மில்லிமீட்டர் உருளையின் விளிம்பு சுமார் 82 மீட்டர்தான். கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். அதனால்தான் சிறிய உருளை மெதுவாகத் தேய்க்கிறது, சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது. வளைவுக்குள் நுழையக்கூடியவற்றில் மிகப் பெரிய உருளை எதுவோ அதையே மாட்ட வேண்டும்.

வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது

யூடியூபில் நாம் பார்க்கும் இயந்திரங்களில் பல அமெரிக்கச் சந்தைக்கானவை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டில் 230 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அது வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இவ்வகை இயந்திரங்களில் பலவற்றில் இருக்கும் இன்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டிருந்தால் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். 2,000 சுற்று 1,670க்கு அருகில் இறங்கும். மோட்டாரும் கூடுதலாகச் சூடாகும். பழுதானால் அனுப்பி வைக்கவும் வழியில்லை.

பிரிட்டன் சந்தைக்குச் செய்யப்பட்டவை நமக்குப் பொருந்தும். அங்கேயும் 50 ஹெர்ட்ஸ். நம்முடையதைப் போலவே மூன்று சதுர முள் பிளக். ட்ரைட்டன் நிறுவனத்தின் 450 வாட் இயந்திரம் இந்த வகைக்கு ஓர் உதாரணம். 450 வாட் என்றால் இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். சாதாரண 13 ஆம்பியர் சுவிட்சே போதும், தனி லைன் இழுக்கத் தேவையில்லை. மலிவு இயந்திரத்தில் இரண்டு முள் பிளக் வந்தால் அடாப்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள். இரும்பு மேசையுள்ள இயந்திரத்துக்கு எர்த் கட்டாயம். பிளக்கில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இஎல்சிபியின் சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டும் அதற்குக் குறைவுமான பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. உறைகளைத் தனியாக வரவழைத்தாலும் இது சேரும். கனமான சாமானுக்குக் கப்பல் கூலி வேறு.

சுவிட்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்தடை ஏற்பட்டுத் திரும்ப வரும்போது தானாக ஓடத் தொடங்காத சுவிட்சு சில இயந்திரங்களில் உண்டு. சாவிபோல் ஒரு துண்டைக் கழற்றி எடுத்துவிட்டால் யாராலும் போட முடியாத சுவிட்சும் உண்டு. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் இவை இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். மேசை 45 பாகை சாயும் வசதியைவிட இது முக்கியம். சாய்க்கும் வசதி கேட்க நன்றாக இருக்கும். வீட்டு வேலையில் அதற்குத் தேவை அரிது.

சத்தம்: தாமான் வீட்டில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கிறோம். இன்டக்‌ஷன் மோட்டார் உறுமும்; கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் கை டிரில்லைப் போல் அலறும். வாங்கும் முன் ஓட விட்டுக் கேளுங்கள்.

நாம் தேய்ப்பது எந்த மரம்?

இணையக் கடையிலும் மரக் கடையிலும் துண்டு துண்டாக ஒட்டி வைத்த, வெளிர் நிறப் பலகை கிடைக்கும். அது பால்மரம்தான். நம் பாட்டன் பாட்டிகள் விடியலுக்கு முன் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய அதே மரம். 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் மறுநடவுக்காகச் சாய்த்த மரத்தை ஒரு காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். நாற்காலி மேசைக்கு ஏற்ற மரமாக அது மாறியது 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும்தான். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம் அதற்கான ஆய்வுகளில் ஈடுபட்டது. இன்று மூவாரில் செய்து கப்பலேறும் தளவாடங்களில் பால்மரத்துக்குப் பெரும் பங்குண்டு.

காஜாங்குக்கு இதில் தனிப் பங்கு இருக்கிறது. மலாயாவில் வணிகத்துக்காகப் பால்மரம் நட்ட ஆரம்பகாலத் தோட்டங்களில் ஒன்று, 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் நடவு செய்த இங்குள்ள இன்ச் கென்னத் தோட்டம். சற்றுத் தள்ளி இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் பெயரைத்தான் பிபி 86, பிபி 260 போன்ற ஒட்டு ரகங்களின் 'பிபி' இன்றும் சுமக்கிறது. அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.

தோட்டத்தில் சாய்த்த மரத்தை லோரியில் ஏற்றி வந்து நாமே அறுத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். கூடாது. பால்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே நீலக்கறை பூஞ்சை பிடிக்கும், வண்டும் துளைக்கும். தொழிற்சாலையில் போரான் சேர்ந்த மருந்தை மரத்துக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்திய பிறகே அது பலகையாகிறது. ஆகவே உலர்த்திய பலகையை வாங்குங்கள். வெயில் மழை படும் இடத்துக்கு அது உதவாது.

தேய்ப்பதற்குப் பால்மரம் சுலபமானது. ஆனால் நிறம் வெளிர் என்பதால் கருகினால் உடனே தெரியும். தேய்ந்த உறையை 'இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்' என்று வைத்திருந்தால் கருகல் நிச்சயம். வெட்டும்போதே கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்டினால் இயந்திரத்துக்கு வேலை குறையும்.

சரக்குப் பலகைகளைப் பிரித்துக் கிடைக்கும் பைன் மரத்தில் பிசின் உண்டு. அது உறையை அடைக்கும். அந்தப் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையில் 'எச்டி' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. 'எம்பி' என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது. அதை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அடைத்த உறையைச் சுத்தம் செய்ய விற்கும் மஞ்சள் கட்டி என்ன தெரியுமா? இயற்கை ரப்பர், நம் தோட்டத்துக் கிரேப் ரப்பர் போன்றதுதான். ஓடும் உருளையில் லேசாக வைத்தால் தூசியை ஒட்டி எடுத்துவிடும்.

தூசி

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் சேர்த்தது. மூக்கையும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளையும் அது தாக்கும். ஆண்டுக்கணக்கில் தூசியில் நின்று வேலை செய்தவர்களிடம் கண்டறிந்தது அது. ஒரு சாமி மேடை செய்து முடித்தவரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆனால் தொழிற்சாலையில் தூசிக்குச் சட்டம் இருக்கிறது, பார்க்க அதிகாரி வருகிறார். வீட்டுப் பட்டறைக்கு அப்படி யாரும் வருவதில்லை. அதே காற்றை மனைவியும் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.

உருளை தேய்க்கும் தூசி மாவைவிட நயமானது. கண்ணுக்குத் தெரியாதது நுரையீரலுக்குள் போகிறது. இயந்திரத்தின் பின்னால் சுமார் 38 மில்லிமீட்டர் வாய் ஒன்று இருக்கும். அதில் வேக்கம் கிளீனர் குழாயைப் பொருத்த வேண்டும். பல நேரங்களில் அளவு பொருந்தாது. கடைக்குப் போகும்போது உங்கள் வேக்கம் குழாயின் முனையை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வேக்கம் பூட்டாமல் ஓட்டக்கூடாத இயந்திரம் இது. விலையைக் கணக்கிடும்போதே வேக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கைக்கு எட்டவில்லை என்றால் இயந்திரத்தைத் தள்ளிப்போடுவதே சரி. புகைமூட்டக் காலத்தில் வாங்கி வைத்த என்95 முகக்கவசம் மிச்சமிருந்தால் இதற்கும் அதுதான். கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை.

சமையற்கட்டுப் பக்கம் வைத்துத் தேய்க்க வேண்டாம். காற்றில் பறக்கும் நயமான மரத்தூசி தீப்பற்றக்கூடியது. கேஸ் அடுப்பு, சாமி விளக்கு இரண்டும் அணைந்திருக்கட்டும்.

ஓட்டும்போது கையுறை போடாதீர்கள். சுற்றும் உருளை துணியைப் பிடித்தால் விரலும் சேர்ந்து போகும். கைலி, தொங்கும் துண்டு, மணிக்கட்டில் கட்டிய நீளமான கயிறு எல்லாம் இதில் அடங்கும். உருளை சுற்றும் திசைக்கு எதிராகக் கட்டையைத் தள்ள வேண்டும். அதே திசையில் தள்ளினால் கட்டையைப் பிடுங்கி எறியும். உருளையைச் சுற்றி மேசையில் பதிக்கும் வளையத் தட்டுகள் பல அளவில் வரும். உருளைக்கேற்ற தட்டைப் போடாவிட்டால் சிறிய துண்டு இடுக்கில் இறங்கும், அதோடு விரல் நுனியும்.

கடையில் ஐந்து நிமிடச் சோதனை

ஓர் இரும்பு அடிக்கோலும் ஒரு மூலைமட்டமும் எடுத்துப் போங்கள். அடிக்கோலை மேசை மேல் குறுக்காக நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மூலைமட்டத்தை உருளையோடு சேர்த்து வைத்துச் செங்குத்தாக நிற்கிறதா என்று நான்கு பக்கமும் பாருங்கள். மேசை வார்ப்பிரும்பு என்றால் நம் ஊர் ஈரத்துக்குத் துரு பிடிக்கும். மாதம் ஒருமுறை மெழுகு தேய்த்துத் துடைத்தால் போதும். சிலிக்கோன் ஸ்பிரே அடிக்காதீர்கள், அது மரத்தில் ஒட்டி வார்னிஷைக் கெடுக்கும். அலுமினிய மேசைக்குத் துருக் கவலை இல்லை. கனம் குறைவு என்பதால் பலகையோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள்.

உறைகளைக் காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில் வையுங்கள். மழைக்கால ஈரத்தில் அவற்றின் ஒட்டு விட்டுவிடும்.

பழைய இயந்திரம் மலிவாக வந்தால் ஓட விட்டுப் பாருங்கள். சுற்றுகிறது, ஆனால் ஏறி இறங்கவில்லை என்றால் உள்ளே தேய்மானம், எடுக்க வேண்டாம். கடகடவென்று ஒவ்வோர் ஏற்றத்திலும் தட்டினாலும் அப்படித்தான். வளையத் தட்டுகள் மட்டும் தொலைந்திருந்தால் அதற்காக விட்டுவிடத் தேவையில்லை. மேசையில் தட்டு உட்காரும் பள்ளத்தின் ஆழத்துக்கு ஏற்ற பிளைவுட்டில் நாமே வெட்டிக்கொள்ளலாம்; நடுத்துளை உருளையைவிட மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.